கோஸ்ட் இன் த ஷெல்: 1995-ஐயும் 2017-ஐயும் ஒப்பிட உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்த் திரைப்படக் குழுவில் அடுத்த மாதம் ‘கோஸ்ட் இன் த ஷெல்’ பற்றிப் பேசுகிறேன். மமொரு ஓஷியின் 1995 அனிமேஷனிலிருந்தும், ரூபர்ட் சாண்டர்ஸ் 2017-இல் ஸ்கார்லெட் ஜோஹான்சனை வைத்து எடுத்த ஹாலிவுட் படத்திலிருந்தும் சில காட்சிகளைப் போட்டுக் காட்ட ஆசை.

ஜப்பானியப் பாத்திரத்துக்கு ஏன் ஜோஹான்சன் என்ற சண்டை பழையது, சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். என்னை உறுத்துவது வேறு. பழைய படத்தின் நடுவில் கதை அப்படியே நின்றுவிடும். மழை, கால்வாய், ஹாங்காங் சாயலில் நெருக்கியடித்த கட்டடங்கள். வசனமே கிடையாது, இசையமைப்பாளர் கென்ஜி கவாயின் கோரஸ் மட்டும். படகில் போகும் கதாநாயகி மேஜர் (மூளை தவிர உடல் முழுவதும் இயந்திரமான காவல் அதிகாரி), ஒரு கண்ணாடிக்குப் பின்னால் அச்சு அசல் தன்னைப் போலவே இருக்கும் பெண்ணைப் பார்க்கிறாள். ‘நான் யார்’ என்ற கேள்வி அங்கேயே நெஞ்சில் ஏறிவிடுகிறது. புதிய படமோ அதற்கு ஒரு பெயர், ஒரு அம்மா, ஒரு கல்லறை என்று விடை கொடுத்து முடித்துவிடுகிறது. அப்புறம் பழைய படத்தில் ஆழமில்லாத தண்ணீரில் நடக்கும் சண்டைக்காட்சியை அப்படியே மறுபடி எடுத்து என்ன பயன்?

ஆனாலும் ஒருதலையாகப் பேசக் கூடாது. மற்றவர்கள் ஆங்கிலத்தில் பேச, தகேஷி கிட்டானோ நடித்த, மேஜரின் மேலதிகாரி அராமாகி ஜப்பானிய மொழியிலேயே பதில் சொல்வது எனக்குப் பிடித்தது. புதிய படம் ஜெயித்த இடம் என்று நீங்கள் நினைக்கும் காட்சி எது? இதேபோல ஜப்பானியச் சித்திரக்கதையிலிருந்து வந்த ஹாலிவுட் படமான ‘அலிடா’வையும் (2019) சேர்க்கலாமா? ஜப்பானிய மொழி தெரிந்தவர் யாராவது, கால்வாய்க் காட்சிக்கு முன்னால் படகில் மேஜரும் அவளுடைய சக அதிகாரி பாட்டோவும் பேசுவதற்கான என் தமிழ் வசனங்களைச் சரிபார்த்துத் தர முடியுமா? இரண்டு பக்கம்கூட வராது.