புதுப்பிப்பு: பாட்டியின் அரக்குக் கூறைப்புடவை
மடிப்புகளில் கிழியத் தொடங்கிய என் பாட்டியின் காஞ்சிபுரம் கூறைப்புடவையைச் சரிகைக்காக விற்றுவிடலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன், விற்கவில்லை. உடல் நைந்திருந்தாலும், உடலையும் கரையையும் தறியில் குறுக்கிழையைக் கொண்டுசெல்லும் தனித்தனி நாடாக்களால் கோத்து நெய்த அந்தக் கோர்வை இணைப்பு, உட்புறம் திருப்பிப் பார்த்தால், ஓர் இழைகூட விலகாமல் நிற்கிறது. பட்டிழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசிய சரிகையை உருக்கினால் உலோகத்தின் விலை மட்டுமே கைக்கு வரும்; நெசவாளரின் கைவேலைக்கு அங்கே மதிப்பே இல்லை, அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே, உங்களில் பலர் சொன்னபடி, நைந்த இடங்களுக்கு அடியில் மெல்லிய பட்டுத்துணி வைத்துத் தைத்து வாங்கி, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு இற்றுப்போகும் என்பதால் அவ்வப்போது பிரித்து மாற்றி மடிக்கிறேன். தன் வளைகாப்புக்கு அதைத்தான் உடுத்தப்போவதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள்.