நார்தர்ன் சோல் பேன்ட் தைக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. மான்செஸ்டரில் படிக்கும் என் மகனுக்காக இதைக் கேட்கிறேன். ஃப்ரெட் பெர்ரி நிறுவனமும் பெல்ஜிய வடிவமைப்பாளர் ராஃப் சைமன்ஸும் சேர்ந்து 2008 முதல் ஆண்களுக்கான உடைகளை வெளியிட்டார்கள். அதில் ஒரு கறுப்பு போலோ சட்டை அவனுக்கு செகண்ட் ஹேண்டில் கிடைத்திருக்கிறது. பிரிட்டிஷ் இளைஞர்களின் இசைக் கூட்டங்களிலிருந்து பிறந்த உடைகள் அவை. நார்தர்ன் சோலும் அப்படி ஒரு கூட்டம்தான்.

வட இங்கிலாந்தின் விகன் ஊரில் இருந்த விகன் கசினோ என்ற நடன அரங்கில் 1973 முதல் 1981 வரை, அதிகம் விற்காமல் போன அமெரிக்க சோல் (கறுப்பின மக்களின் பாடல் இசை) இசைத்தட்டுகளுக்கு விடிய விடிய ஆடினார்கள். கால் வழுக்கிச் சுழல, தரையில் டால்கம் பவுடர் தூவுவார்கள். ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் உருவாக்கிய அழகு அது. எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்தச் சட்டையோடு போட அந்தக் காலத்துப் பேன்ட் தைக்க வேண்டும். இடுப்பு உயரமாக, பட்டி அகலமாக, தொடையிலிருந்தே தொளதொளவென்று இறங்க வேண்டும். நம்ம ஊர் பெல்பாட்டம் முட்டிவரை பிடித்து, பிறகுதான் விரியும், இது அப்படியில்லை.

டெய்லர் அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்: 30 இன்ச் இடுப்புக்கு பாட்டம் எத்தனை இன்ச் வைக்கலாம்? சுழலும்போது துணி விரிந்து உடனே அடங்க காபர்டின் சரிவருமா, டெரிகாட்டன் போதுமா? சட்டையில் தைத்திருக்கும் பேட்ச் சுருங்காமல் துவைப்பது எப்படி? பழைய கட்டிங் அளவு யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், துணி எடுக்கும் முன் பார்த்துக்கொள்கிறேன்.