டோஃபு சாக்லேட் மூஸ் ரவை மாதிரி நறநறன்னு வருது, எங்கே தப்பு?

வெண்கலப்பானை, கோவை:

பால், க்ரீம், முட்டை எதுவும் சேர்க்காம டோஃபு வச்சு சாக்லேட் மூஸ் செய்யணும். போட்ட அளவு இது: வேக்குவம் பாக்கெட்டில் கட்டியா வர்ற டோஃபு 200 கிராம், உருக்கின டார்க் சாக்லேட் 100 கிராம், சாதா சர்க்கரை 4 டீஸ்பூன். டோஃபுவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேரா மிக்ஸியில் அடிச்சு, சாக்லேட்டை ஊத்திச் சுத்தினேன். நாக்குல வச்சா ரவை மாதிரி இருக்கு. நடுநடுவே சாக்லேட் துணுக்கு. பச்சை சோயா வாடை வேற. நாலு மணி நேரத்துல ஓரமெல்லாம் தண்ணி விட்டிருச்சு.

இன்னொரு சந்தேகமுங்க. சாக்லேட் உறையில பச்சைப் புள்ளி இருக்கு. அப்போ அது வீகன் தானே? ஞாயிறு மதியம் 10 பேருக்குக் கொடுக்கணும், ஏசி இல்லாத இடம்.

சட்னிஜார்:

முதல்ல டோஃபுவே தப்புங்க. கட்டி டோஃபுவுக்கும் சில்கன் டோஃபுவுக்கும் உள்ள வித்தியாசம் பனீருக்கும் உறைஞ்ச தயிருக்கும் உள்ளது மாதிரி. முதலாவதைத் திரிச்சு, துணியில கட்டி, எடை வச்சு தண்ணியைப் பிழிஞ்சிருப்பாங்க. அதை எவ்வளவு நேரம் அரைச்சாலும் பொடிப்பொடித் துணுக்காத்தான் உடையும், அதுதான் உங்க ரவை. சில்கன் டோஃபு பிழியாதது, பெரும்பாலும் டப்பாவுக்குள்ளேயே உறைய வைப்பாங்க. கிட்டத்தட்ட 90 சதவீதம் தண்ணி, ரெண்டு சுத்துல க்ரீம் ஆயிடும்.

சாக்லேட் துணுக்குக்குக் காரணம் குளிர்ச்சி. கோகோ பட்டர் சுமார் 34 டிகிரியில உருகுற கொழுப்பு. 5 டிகிரி டோஃபு மேல ஊத்தினா பட்ட இடத்துலயே கெட்டியாயிடும். அதுக்கப்புறம் மிக்ஸி ஓட ஓட துணுக்கு சின்னதாகுமே தவிர கரையாது. சர்க்கரையும் பொடிச்சதா இருக்கணும், இல்லைன்னா அதுவும் நறநறக்கும்.

10 பேருக்கு அளவு: சில்கன் டோஃபு 600 கிராம், 55 முதல் 60 சதவீத டார்க் சாக்லேட் 300 கிராம், பொடிச்ச சர்க்கரை 6 டேபிள்ஸ்பூன், உப்பு ரெண்டு சிட்டிகை, வெனிலா எசன்ஸ் 2 டீஸ்பூன், இன்ஸ்டன்ட் காபித் தூள் 1 டீஸ்பூன். காபித் தூளை 2 டேபிள்ஸ்பூன் வெந்நீரில் கரைச்சு வச்சுக்கோங்க. காபி ருசி தனியாத் தெரியாது, சோயா வாடையை அமுக்கும். மொத்தத்தை ரெண்டா பிரிச்சு அரைங்க, ஜார் பாதிக்கு மேல நிரம்பினா மேல இருக்கிறது அரைபடாது.

டோஃபுவை டப்பாவிலிருந்து எடுத்து கண்ணு சின்னதா இருக்கிற ஸ்டீல் வடிகட்டியில வைங்க. லேசா உப்புப் போட்டு, கொதிக்க விடாம ஓரத்துல மட்டும் குமிழ் வர்ற தண்ணியில வடிகட்டியோடவே 4 நிமிஷம் முக்கி எடுங்க. கரண்டியால எடுத்தா உடைஞ்சு போகும். அப்படியே 15 நிமிஷம் வடியட்டும், கையால பிழிய வேண்டாம். பச்சை வாடை பெருமளவு அந்தத் தண்ணியோட போயிடும். ஓரத்துல தண்ணி விடுறதும் குறையும்.

சாக்லேட்டைப் பொடியா நறுக்கி, வெந்நீர்ப் பாத்திரத்து மேல கிண்ணம் வச்சு உருக்குங்க. கிண்ணத்தோட அடி தண்ணியில படக்கூடாது. முக்கால்வாசி உருகினதும் இறக்கிக் கிளறினா மிச்சமும் அந்தச் சூட்டுலயே கரைஞ்சிடும். டோஃபு, சர்க்கரை, உப்பு, காபியை முதல்ல ஒரு நிமிஷம் அரைச்சு, ஜார் ஓரத்தை வழிச்சு விட்டு, திரும்ப அரை நிமிஷம். அந்த நேரம் விரலை வச்சா வெதுவெதுன்னு இருக்கணும். அப்புறம் சாக்லேட்டையும் வெனிலாவையும் ஒரே தடவையில ஊத்தி 30 விநாடி. சொட்டுச் சொட்டா ஊத்தத் தேவையில்லை. சோயாவுல இருக்கிற லெசித்தின் கொழுப்பையும் தண்ணியையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். சாக்லேட் உறைக்குப் பின்னாடி எமல்சிஃபையர் 322ன்னு போட்டிருப்பாங்களே, அதேதான்.

உடனே கப்ல ஊத்தி, மூடி போட்டு 3 மணி நேரம் ஃப்ரிட்ஜ். மூடலைன்னா மேல தோல் கட்டும், பக்கத்துல இருக்கிற சாம்பார் வாசமும் ஏறும்.

ஒண்ணு மறந்துட்டேன். என் பேரே சட்னிஜார்னாலும் சொல்றேன், சட்னி அரைக்கிற ஜார்ல இதை அரைக்காதீங்க. ஜார் பளபளன்னு இருந்தாலும் மூடியோட ரப்பர் வாஷர்ல பூண்டு ஒளிஞ்சிருக்கும். சாக்லேட் கொழுப்பு அந்த வாசனையை அப்படியே இழுத்துக்கும். வேற ஜார் இல்லைன்னா வாஷரைக் கழட்டி, சோடா மாவு கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைங்க.

லேபிள்ரீடர், சென்னை:

பச்சைப் புள்ளி சைவம்னு மட்டும்தான் சொல்லும், பாலும் அதுல அடக்கம். வீகனுக்குத் தனி முத்திரை இருக்கு: பச்சை நிறத்துல இலையோட ஒரு வி எழுத்து. அதுக்கான ஃப்சாய் (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிகள் 2022ல வந்தன. முத்திரை இல்லாத சாக்லேட்டா இருந்தா சேர்மானப் பட்டியலைப் படிங்க. மில்க் சாலிட்ஸ், மில்க் ஃபேட், பட்டர் ஆயில், வே பவுடர் இதுல ஒண்ணு இருந்தாலும் வாங்காம வைச்சிடுங்க. கோகோ பட்டர்ங்கிற பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கோகோ விதையோட கொழுப்பு.

பேக்கிங் கடையில கிலோ பாளமா விக்கிற டார்க் காம்பவுண்ட் விலை குறைவு. ஆனா அதுல கோகோ பட்டருக்குப் பதிலா வேற தாவரக் கொழுப்பு. மூஸ் கெட்டியாகும், வாயில மெழுகு மாதிரி ஒட்டும். பலதுல பால் பொடியும் உண்டு.

பொங்கோல்வாசி, சிங்கப்பூர்:

இங்கே வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குழாய் மாதிரி நீளமான ப்ளாஸ்டிக் உறையில் வருவதில் பலது முட்டை டோஃபு. லேசான மஞ்சள் நிறம், தொட்டால் சில்கன் மாதிரியே இருக்கும். உறையில் முட்டை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரப் ஊற்றி விற்கும் தவ் ஹுவேயும் இதற்கு ஆகாது, அது இன்னும் தளர்வு, நிற்காது.

சட்னிஜார் சொன்ன அளவு சரி. ஆனால் தண்ணீரில் முக்குவது எல்லா டோஃபுவுக்கும் வேண்டியதில்லை. அட்டைப் பெட்டியில் வரும், ஃப்ரிட்ஜ் தேவைப்படாத சில்கன் டோஃபுவில் வாடை குறைவு. பெட்டியைப் பிரிக்காமல் 20 நிமிடம் வெந்நீரில் போட்டு வைத்தால் வெதுவெதுப்பாகிவிடும், உடையவும் உடையாது.

வெண்கலப்பானை:

சில்கன் இங்கே எல்லாக் கடையிலயும் கிடைக்கிறதில்லைங்க. வீட்டுல இருக்கிற கட்டி டோஃபுவை வச்சு ஒப்பேத்த முடியாதா?

இட்லிகொப்பரை, மதுரை:

முடியும், ஆனா மூஸ்னு பேர் வைக்காதீங்க. 200 கிராம் கட்டி டோஃபுவைத் துண்டு போட்டு 5 நிமிஷம் வேகவச்சு, 120 மி.லி. சூடான கெட்டித் தேங்காய்ப்பாலோட 3 நிமிஷம் விடாம அரைச்சு, வடிகட்டியில தேய்ச்சு எடுத்து, 120 கிராம் சாக்லேட் சேர்த்தா கெட்டி ஃபில்லிங் வரும். பிஸ்கட் அடித்தளம் போட்டு டார்ட் செய்ய அருமை, கப்ல போட்டுக் கொடுக்கச் சுமார்.

அதைவிட சில்கனை வீட்டுலயே உறைய வச்சிடலாம். 200 கிராம் சோயா பீன்ஸை 8 மணி நேரம் ஊறவச்சு, 1 லிட்டர் தண்ணி விட்டு அரைச்சு, துணியில பிழிஞ்சு, அடிபிடிக்காம கிளறி 10 நிமிஷம் கொதிக்க விடுங்க. பால் முழுசா ஆறணும். லிட்டருக்கு 3 கிராம் ஜிடிஎல் (குளுக்கோனோ டெல்டா லாக்டோன், சோயா பாலை உறைய வைக்கிற பொடி) பொடியை ஒரு ஸ்பூன் தண்ணியில கரைச்சுக் கலந்து, கிண்ணங்கள்ல ஊத்தி மூடி, இட்லிப் பாத்திரத்துல மிதமான தீயில 25 நிமிஷம். சூட்டுப் பால்ல ஜிடிஎல் போட்டா கலக்கிறதுக்குள்ளேயே திரிதிரியா உறைஞ்சிடும். அதிகமாப் போட்டா புளிக்கும். கடையில விக்கிற இனிப்புச் சோயா பால் நீர்த்தது, சரியா உறையாது.

சாக்லேட்டுக்குப் பதிலா கோகோ பொடியிலயும் செய்யலாம், சிக்கனம். 300 கிராம் சில்கனுக்கு 40 கிராம் கோகோ, அதை 4 டேபிள்ஸ்பூன் கொதிநீரில் குழைச்சுக்கணும். பொடிச்ச சர்க்கரை 80 கிராம், வாசனையில்லாத ரீஃபைன்ட் தேங்காய் எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன். எண்ணெயை விட்டா பாயசம்தான், ஏன்னா கெட்டியாக்குற கோகோ பட்டர் பொடியில ரொம்பக் கம்மி. கருப்பட்டி போடணும்னா பாகாக் கரைச்சு வடிகட்டுங்க, மண்ணு இருக்கும்.

வெண்கலப்பானை:

ரொம்ப நன்றிங்க. ஜிடிஎல் வாங்கிப் பார்க்கிறேன். ஏசி இல்லாத இடத்துல மூஸ் இளகாம நிக்குமா?

சட்னிஜார்:

கோவை மதியத்துல 20 நிமிஷம் தாங்கும், அப்புறம் இளகும். நிக்கணும்னா கடல்பாசிப் பொடி (அகர் அகர்) 1 டீஸ்பூன், தலை தட்டி. அதை 150 மி.லி. சோயா பாலில் கலந்து 2 நிமிஷம் நல்லாக் கொதிக்க விட்டு, சாக்லேட் ஊத்துறதுக்கு முன்னாடி ஓடுற மிக்ஸியில ஊத்துங்க. ரெண்டு தடவையா அரைக்கிறதால பாலையும் பாதி பாதியா பிரிச்சுக்கணும், ரெண்டாவது பாதியைச் சூடு பண்ணி ஊத்தணும். கடல்பாசி 35, 40 டிகிரிக்கு வந்தாலே உறையும், அதனால டோஃபு ஆறியிருந்தா நூல் நூலா திரியும். உறைஞ்சதுக்கப்புறம் 85 டிகிரி வரை உருகாது, வெயில் ஒண்ணும் பண்ணாது.

இட்லிகொப்பரை, மதுரை:

எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க. கடல்பாசி போட்டா வாயில கரையாது, ஸ்பூன்ல வெட்டி எடுக்கிற புட்டிங் ஆயிடும். தெர்மகோல் பெட்டியில ஐஸ் போட்டு கப்பை அடுக்கிக் கொண்டு போய், பந்திக்குப் பத்து நிமிஷம் முன்னாடி எடுத்தாப் போதும். எப்படிச் செஞ்சாலும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளியில வைக்காதீங்க. கடல்பாசி இளகாமத்தான் காக்கும், கெட்டுப் போறதைத் தடுக்காது. சனிக்கிழமை ராத்திரியே செஞ்சு ஃப்ரிட்ஜில வைக்கலாம், மூணு நாள் நல்லா இருக்கும்.

சட்னிஜார்:

புட்டிங் ஆகுறது பொடி கூடினாத்தான். சந்தேகமா இருந்தா கலவையில ஒரு ஸ்பூன் எடுத்து, குளிர்ந்த தட்டுல விட்டு 5 நிமிஷம் ஃப்ரீசர்ல வைங்க. விரலால இழுத்தா கோடு மூடாம நிக்கணும், ரப்பர் மாதிரி எழும்பக் கூடாது. எழும்பினா 100 மி.லி. சூடான சோயா பால் விட்டு இன்னொரு சுத்து.