ஐஸ்கிரீம் உருகிய பிறகும் நுரையாக நிற்கிறது: 471, 412, 407 தான் காரணமா?

நீலவானம்:
வணக்கம். கடையில் வாங்கிய வெனிலா ஐஸ்கிரீமைக் கிண்ணத்தில் போட்டு ஒரு மணி நேரம் வெளியே வைத்தால், அடியில் கொஞ்சம் பால் தேங்குகிறது. மேலே பஞ்சு போல ஒரு நுரை அப்படியே நிற்கிறது. டப்பாவில் உள்ள பட்டியல்: பால், சர்க்கரை, கிரீம், பால் பவுடர், குளுக்கோஸ் சிரப், எமல்சிஃபையர் (471), ஸ்டெபிலைசர்கள் (412, 410, 407). இந்த எண்களுக்கு என்ன வேலை? சோப்புத்தூள் கலக்கிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றுகின்றனவே, உண்மையா? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

பால்நுட்பம்:
சோப்புத்தூள் இல்லை. நீங்கள் பார்ப்பது கொழுப்பு பிடித்து வைத்திருக்கும் காற்று.

471 என்பது மோனோ, டை கிளிசரைடுகள். எமல்சிஃபையர் என்றதும் கொழுப்பையும் தண்ணீரையும் ஒட்ட வைப்பது என்று நினைப்போம். ஐஸ்கிரீமில் நடப்பது ஏறக்குறைய தலைகீழ். பாலைச் சூடாக்கி, அழுத்தத்தில் நுண்துளை வழியே தள்ளும்போது (ஹோமோஜினைசேஷன்) கொழுப்பு ஒரு மைக்ரான் அளவுக்கும் கீழே உடைந்துவிடும். ஒவ்வொரு துளியையும் பால் புரதம் சட்டை போலப் போர்த்திக்கொள்ளும். அந்தச் சட்டை கெட்டியாக இருந்தால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாது, காற்றும் நிற்காது. அதனால்தான் கலவையை 4 டிகிரி செல்சியஸில் குறைந்தது 4 மணி நேரம் ஊற விடுகிறார்கள். அந்த நேரத்தில் 471 புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிவிட்டுத் தான் அந்த இடத்தில் உட்காரும். கொழுப்பும் உள்ளே பாதி இறுகும். பிறகு உறைகலத்தில் கத்தி சுழன்று அடிக்கும்போது துளிகள் அரைகுறையாக ஒட்டி, காற்றுக் குமிழிகளைச் சுற்றிச் சங்கிலி போலப் பின்னிக்கொள்ளும். வெளியே வைத்தால் பனிக்கட்டி உருகி வடிந்துவிடும். அந்தப் பின்னல் அவ்வளவு சீக்கிரம் விடாது. முட்டை மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் செய்வதும் இதே வேலைதான்.

அளவு: 471 பொதுவாக 0.1 முதல் 0.3 விழுக்காடு. ஊறவைக்காமல் அவசரமாக உறைய வைத்தால் 471 போட்டும் பயனில்லை, ஐஸ்கிரீம் சளசளவென்று சரிந்துவிடும்.

உணவியல் மாணவி:
மற்ற எண்களை நான் சொல்கிறேன். 412 குவார் பிசின், அதாவது நம் கொத்தவரை இனத்தின் விதை. 410 கரோப் மரத்தின் விதை. இரண்டும் உறையாமல் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கொழகொழப்பாக்கி, பனித்துகள்கள் பெரிதாக வளர்வதைத் தாமதப்படுத்தும். ஆனால் இவை பால் புரதத்தோடு ஒத்துப்போகாமல் அதைத் தனியே பிரித்துவிடும்; மோர்த் தண்ணீர் கசியும். அதைத் தடுக்கத்தான் 407, கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராகீனன். 0.01 முதல் 0.02 விழுக்காடே போதும். எல்லாப் பிசினும் சேர்ந்தே 100 கிராமில் அரை கிராமைத் தாண்டுவது அரிது.

உடலுக்கு: 471-ஐப் பற்றிப் பயப்பட வேண்டாம். எந்த எண்ணெயைச் சாப்பிட்டாலும் குடலில் அது மோனோகிளிசரைடாகத்தான் உடைகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: அது தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். சைவம் முக்கியம் என்றால் டப்பாவில் சைவக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

வேறு சில ஐஸ்கிரீம்களில் வரும் 466 (சிஎம்சி என்னும் ஸ்டெபிலைசர்), 433 (பாலிசார்பேட் 80 என்னும் எமல்சிஃபையர்) இரண்டைப் பற்றிய கேள்விகளை நான் ஒதுக்க மாட்டேன். 2015-இல் எலிகளுக்கு இவற்றைக் குடிநீரில் கலந்து கொடுத்த ஆய்வில் குடல் பாக்டீரியா மாறி, லேசான அழற்சி தெரிந்தது. பிறகு மனிதர்களுக்குத் தினமும் 15 கிராம் சிஎம்சி வீதம் 11 நாள் கொடுத்துப் பார்த்தபோதும் குடல் பாக்டீரியா மாறியது. 0.2 விழுக்காடு உள்ள ஐஸ்கிரீமில் 15 கிராம் சேர 7.5 கிலோ தின்ன வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. உங்கள் டப்பாவில் இவை இரண்டும் இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குக் கவலை சர்க்கரைதான். குளுக்கோஸ் சிரப்பும் சர்க்கரையே. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

நீலவானம்:
நன்றி. டப்பாவில் 500 மில்லி, 265 கிராம் என்று இருக்கிறது. ஏன் இவ்வளவு லேசு? இரண்டாவது வாரம் நறநறவென்று ஆவதும் இந்தச் சேர்மானங்களாலா?

பால்நுட்பம்:
உறையாத கலவை லிட்டருக்குச் சுமார் 1.1 கிலோ இருக்கும். 265-ஐ 1.1-ஆல் வகுத்தால் 241 மில்லி. மீதி 259 மில்லி காற்று, பாதிக்கும் மேல். உங்கள் நுரை அவ்வளவு உயரமாக நிற்பதற்கு இதுவும் காரணம். அதே 500 மில்லியில் 400 கிராம் இருந்தால் காற்று 136 மில்லிதான். கரண்டி இறங்கவே சிரமப்படும். விலையை மில்லிக்குப் பார்க்காமல் கிராமுக்குப் பாருங்கள்.

நறநறப்பு வாயில் உடனே கரைந்தால் அது பனித்துகள்: ஃப்ரீசர் கதவருகே வைத்து, வெளியே எடுத்து எடுத்து உள்ளே தள்ளுவதால் உருகி மறுபடி உறைகிறது. மணல் போல நாக்கில் நின்று மெதுவாகக் கரைந்தால் அது லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) படிகம். பால் பவுடர் கூடிப்போனதன் அடையாளம், அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. முதல் வகைக்கு: மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே, ஃப்ரீசரின் உள்மூலையில் வையுங்கள். வேண்டிய அளவை மட்டும் எடுத்துவிட்டு, மேற்பரப்பை ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் தாளைப் பரப்பி உடனே மூடுங்கள். கிண்ணத்தில் ஒரு மணி நேரம் நின்றதை மறுபடி உறைய வைக்க வேண்டாம்.