ரோமிங்குக்குத் தமிழ்: மேய்ச்சலா, விருந்திணைப்பா, ஒரம்பரையா?

திருப்பூரிலிருந்து:
வணக்கமுங்க. ஜெர்மனி போகும் மெர்ச்சண்டைசர்களுக்கு ஒரு பக்க நோட்டீஸ், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. சிக்கல் ஒரே வரியில்தான்: "இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள்; பயண மின்சிம்மில் போட்டு வையுங்கள்." ரோமிங்குக்கு, அதாவது நம் சிம் வேறு நிறுவனத்தின் வலையில் ஓடுவதுக்கு, தமிழ்ச் சொல் வேணுமுங்க. இ-சிம்முக்கு மின்சிம் சரிதானே?

கோவையிலிருந்து:
தவறுங்க. இ-சிம்மின் 'இ' மின்னஞ்சலில் வரும் 'இ' அல்ல. உள்ளே பதித்தது என்று பொருள்படும் சொல்லின் முதலெழுத்து. சில்லு போனுக்குள்ளேயே பொருத்தி வருகிறது. 'பதிசிம்' என்க, பதிந்த, பதிகின்ற, பதியும் என முக்காலமும் காட்டும் வினைத்தொகை.

பொள்ளாச்சியிலிருந்து:
பதிந்தது சில்லு. பயணி காசு கொடுத்து வாங்குவது கியூஆர் கோடு வழியே இறங்கும் கோப்பு. அதை அழிக்கலாம். முந்தாநாள் அழித்ததையும் உங்கள் வினைத்தொகை காட்டுமா?

சொல்லைவிட இதை நோட்டீஸில் போடுங்க: இறக்குவதற்கே இணையம் வேணும், அதனால் ஊரில் வைஃபை இருக்கும்போதே இறக்கிவிடணும். கோடு பெரும்பாலும் ஒரு தடவைதான் எடுக்கும். அங்கே போய் 'நெட் வரலை' என்று அழித்துவிட்டால் புதுக் கோடு கேட்டு நிற்கணும். ஒரே நிறுவனத்துக்குப் பூட்டிய போனில் வேலையே செய்யாது.

ஈரோட்டிலிருந்து:
ரோமிங்குக்கு வருவோம். அலைவு ஊசலுக்குப் போயாச்சு. உலாவலை உலாவி எடுத்துக்கொண்டது. திரிதல் என்றால் நன்னூல்காரர் விகாரம் என்பார், வீட்டில் பால் திரிந்தது என்பார்கள். மேய்ச்சல் எப்படி? கிளுவை வேலி தாண்டி அடுத்தவன் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், மாடு மேய்ந்தால் காசு கேட்பான். ரோமிங் பில் அதுதானுங்க.

கோவையிலிருந்து:
இது வேலி தாண்டுவதல்ல, கேட்டுக்கொண்டு நுழைவது. சிம்மின் அடையாள எண் 404, 405 என்று தொடங்கினால் இந்திய சிம் என்று அந்த ஊர் வலை கண்டுகொள்கிறது. நம் நிறுவனத்திடம் "உங்க ஆளா?" என்று கேட்டுவிட்டுத்தான் இடம் கொடுக்கிறது. விருந்தாளி! விருந்து என்றால் புதுமை. தொல்காப்பியர் எண்வகை வனப்பில் ஒன்றாக வைத்த சொல். 'விருந்திணைப்பு' என்பேன்.

ஈரோட்டிலிருந்து:
விருந்தாளிக்கு நம்ம சொல் ஒரம்பரை இருக்க, விருந்து எதுக்குங்க? உறவின்முறைதான் ஒரம்பரை ஆச்சு.

பொள்ளாச்சியிலிருந்து:
உறவின்முறையில் 'ப' எங்கிருந்து வந்தது? போகட்டும், ஒரம்பரைக்கு யாருங்க பில் போடுவாங்க?

கரூரிலிருந்து:
நோட்டீஸில் அந்த ரோமிங் வரிக்குக் காரணமும் எழுதுங்க. பயண இ-சிம் பெரும்பாலும் வேறொரு நாட்டு நிறுவனத்துடையது, ஜெர்மனியில் அதுவே ரோமிங்கில்தான் ஓடும். அணைத்தால் சிக்னல் முழுசாகக் காட்டும், நெட் வராது. இந்திய சிம்மைக் கழற்ற வேண்டாம், வங்கி ஓடிபி அதில்தான் வரும். ஒரு சிம்மில் நெட் குறைந்தால் மற்றதற்குத் தானாக மாறும் வசதியையும் அணைக்கணும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் கூடுதல் கட்டணம் 2017 ஜூன் 15-இல் போனது அந்த நாட்டு சிம்களுக்கு, நமக்கல்ல. ஸ்விட்சர்லாந்து ஒன்றியத்திலேயே இல்லை. எல்லையோரத்தில் போன் அந்த நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். வாங்கும் திட்டத்தில் அது அடங்குதா என்று பார்க்கச் சொல்லுங்க.

திருப்பூரிலிருந்து:
ஆண்ட்ராய்டைத் தமிழில் வைத்தாலும் 'ரோமிங்' என்றுதான் இருக்குங்க. அதையே போட்டு, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் விருந்திணைப்பு. இ-சிம் அப்படியே.

கோவையிலிருந்து:
மறுபடி மின் என்றே படிப்பார்கள். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்க.

ஈரோட்டிலிருந்து:
அந்த 'ப' பற்றி நாளைக்கு எழுதறனுங்க.