பதில்: ஓவர்சைட்டுக்கு 'மேற்பார்வை' போதுமோ?

வணக்கம் எல்லாருக்கும், பாதுகாப்பு, புலனாய்வுத் துறையளை வெளியில இருந்து கேள்வி கேக்கிற 'ஓவர்சைட்' (oversight) எண்டதுக்கு நாங்கள் தேடுற தமிழ்ச்சொல்லைப் பற்றித்தான் இது.

> மேற்பார்வை எண்டு ஏற்கெனவே புழக்கத்தில இருக்கு, புதுச்சொல் ஏன்?

அண்ணை, இலங்கை நாடாளுமன்றத்தில 'துறைசார் மேற்பார்வைக் குழு' எண்டுதான் வைச்சிருக்கினம், தேசிய பாதுகாப்புக்கும் அப்பிடி ஒண்டு இருந்தது, அது சரி. ஆனா சூப்பர்விஷனுக்கும் அதே சொல்தானே. ஓ.எல் சோதனை மண்டபத்துக்குப் பொறுப்பா நிக்கிறவரும் மேற்பார்வையாளர், பாதுகாப்பு அமைச்சைக் கூப்பிட்டு விளக்கம் கேக்கிறதும் மேற்பார்வைக் குழு எண்டா வாசிக்கிற பிள்ளைக்கு என்னத்தை விளங்கும்?

கணக்காய்வில இந்தக் குழப்பம் இல்லை. வலயக் கல்வி அலுவலகத்தில இருந்து வாறவர் வகுப்புக்குள்ள இருந்து பாடம் நடக்கிறதைப் பாத்தா மேற்பார்வை. கணக்காய்வுக்காரர் வந்து இலவசப் பாடநூல் எத்தினை வந்தது, எத்தினை குடுத்தது, மிச்சம் எங்க எண்டு இருப்புப் புத்தகத்தையும் ஸ்டோர் றூமையும் ஒத்துப் பாத்திட்டு ஐயவினா (சந்தேகமானதை எழுத்தில கேக்கிற கேள்வி) அனுப்பினா அதுக்கு எழுத்தில பதில் குடுத்தே ஆகவேணும், ஏனெண்டா 2018 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டம் பின்னால நிக்குது, மிகைக்கட்டணம் (நட்டத்துக்குப் பொறுப்பானவரிட்ட வாங்கிற காசு) அறவிடவும் அதில இடமிருக்கு. (ஐயவினா எவ்வளவு வடிவான சொல், அதை ஆக்கினவையைக் கும்பிடவேணும்.)

அக்கா சொன்ன 'கண்காணிப்பு' வேண்டவே வேண்டாம். எங்கட ஊரில கண்காணிப்பு எண்டா புலனாய்வுக்காரர் எங்களைப் பாக்கிறது. அவையை ஆர் கேள்வி கேக்கிறது எண்டதுக்கும் அதே சொல்லை வைக்கேலாது. அமெரிக்காவில 1975 இல தொடங்கின செனட் விசாரணைக் குழுவான சேர்ச் குழு சிஐஏயும் எஃப்பிஐயும் சொந்தச் சனத்தையே உளவு பாத்ததை வெளியில கொண்டுவந்த பிறகுதான் 1976 இல செனட்டிலயும் அடுத்த வருசம் பிரதிநிதிகள் சபையிலயும் புலனாய்வுக்கெண்டே நிலையான குழுக்கள் வந்தது. அந்தக் குழுக்களின்ர வேலைக்குத்தான் நாங்கள் சொல் தேடுறம்.

என்ர முன்மொழிவு 'பொறுப்பாய்வு'. பொறுப்புக்கூறல் எல்லாருக்கும் பழகின சொல், கணக்காய்வுக்குப் பக்கத்தில வைச்சாலும் ஒட்டும்: கல்வித் திட்டத்துக்குக் கணக்காய்வு, பாதுகாப்புத் துறைக்குப் பொறுப்பாய்வு. 'புலனாய்வுப் பொறுப்பாய்வு' எண்டு வரேக்க ஆய்வு ரெண்டுதரம் வந்து இடிக்குதுதான், 'புலனாய்வுத்துறைப் பொறுப்பாய்வு' எண்டா கொஞ்சம் தேவலை. தம்பி போட்ட 'புறமேற்பார்வை' பிழையில்லை, ஆனா பேசேக்க முன்னுக்கு உள்ள 'புற' கழண்டுபோய்த் திரும்ப மேற்பார்வையிலதான் வந்து நிக்கும்.

ஆட்சேபனை உள்ளவை உங்கட சொல்லை ஒரு செய்தி வசனத்தில வைச்சு எழுதிக் காட்டுங்கோ, தனிச்சொல்லாப் பாத்து முடிவெடுக்கேலாது.