புதுப்பிப்பு: அமெரிக்க உள்நாட்டுப் போர் – சிப்பாய்களே எழுதிய புத்தகங்கள்

தளபதிகள் கதை வேண்டாம், துப்பாக்கி தூக்கிய சாதாரண சிப்பாயின் அனுபவம் எதில் இருக்கிறது என்று கேட்டிருந்தேன். பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி.

முதலில் எடுத்தது சாம் வாட்கின்ஸின் 'கம்பெனி ஏய்ட்ச்' (Co. Aytch, அதாவது அவர் இருந்த 'H' கம்பெனி). டென்னசி மாநிலத்துக்காரர், தெற்குப் படை (அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் படை). 1881-82இல் உள்ளூர்ப் பத்திரிகையில் தொடராக எழுதியது. தட்டில் பேன்களை ஓடவிட்டுப் பந்தயம் கட்டுகிறார்கள். தட்டைச் சூடாக்கி ஒருத்தன் ஜெயித்துக்கொண்டே இருக்கிறான்! சிரித்து முடிப்பதற்குள் கூட இருந்தவன் செத்துக் கிடக்கிறான். ஆனால் பல வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதியது, எண்ணிக்கைகளை அப்படியே நம்பாதீர்கள்.

எலைஷா ஹன்ட் ரோட்ஸின் நாட்குறிப்பு நேரெதிர். வடக்குப் படை (மத்திய அரசின் படை), 1861இல் சிப்பாயாகச் சேர்ந்தவர், 1865இல் அதே ரெஜிமென்ட்டின் (படைப்பிரிவின்) தலைவர். கொஞ்சம் வறட்சிதான்.

வடக்குப் படையில் ஏறக்குறைய 1,80,000 கறுப்பினத்தவர் இருந்தார்கள். அவர்களுடைய கடிதத் தொகுப்பு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.